பெரிய திரை வாங்குவதற்கு முன்: பார்வை குறையும்போது விளையாட்டைத் தொடர்வது பற்றி

பார்வை குறைந்துகொண்டே வரும் ஒருவரிடம் எல்லோரும் கேட்பது வேலையைப் பற்றி, தனியாக வெளியே போய்வருவதைப் பற்றி, அடுத்த பரிசோதனை எப்போது என்பதைப் பற்றி. விளையாட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நாமாக மருத்துவரிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கண்ணே போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்கு செஸ்ஸும் வீடியோ கேமும் ஒரு கவலையா என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். ஆனால் எனக்கு அந்த இரண்டும் சின்ன விஷயம் இல்லை. பள்ளி நாட்களிலிருந்து செஸ் ஆடுகிறேன். தம்பியும் நானும் ஒரே சோபாவில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடித்தான் வளர்ந்தோம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களில்கூட ஆட்டம் நின்றதில்லை. பார்வை குறைந்தபோது இரண்டையும் விட்டுவிட்டுச் சில வருடங்கள் இருந்தேன். கணிசமான பணமும் போனது. அத்தனையும் தவிர்த்திருக்கக்கூடியது என்று இப்போது தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் மரபணுக் கோளாறு. முதலில் மங்கிய வெளிச்சத்தில் பார்க்கும் திறன் போகும். பிறகு ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் இருப்பது பலருக்கு நெடுநாள் தங்கும். இரண்டு கண்ணும் சேர்ந்து சாதாரணமாகப் பக்கவாட்டில் சுமார் 180 டிகிரி வரை பார்க்கும் என்றால், எனக்கு அது கண்டுபிடிக்கப்பட்டபோதே பாதிக்கும் கீழே போயிருந்தது. ஆனால் அதற்கும் வெகு முன்பே என் ஆட்டத்தில் அறிகுறி தெரிந்துவிட்டது. வீடியோ கேமில் பக்கவாட்டில் வரும் எதிரி என்னை அடித்த பிறகுதான் அவன் இருப்பதே தெரியும். செஸ்ஸில் பலகையின் தூர மூலையில் உட்கார்ந்திருக்கும் பிஷப் குறுக்கே வந்து என் யானையைத் தூக்கும், நான் திகைத்துப் போவேன். ஆட்டத்தில் கவனம் போய்விட்டது, வயதாகிவிட்டது என்று சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கண் பரிசோதனைக்குப் போனால் சுவரில் உள்ள எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துவிடுவேன். அந்த அட்டை நடுப்பார்வையின் கூர்மையை மட்டும்தான் சோதிக்கிறது. ஓரப் பார்வைக்குப் பார்வைப் புலப் பரிசோதனை என்று தனியாக ஒன்று உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருவர் ஓரத்திலிருந்து வரும் ஆபத்துகளுக்கு மட்டும் தொடர்ந்து பலியாகிறார் என்றால், அந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளட்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோயிலும் இழப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. அதற்கு மருந்தால் மேலும் போகாமல் தடுக்க வழி இருக்கிறது.

சரி, பணம் போன கதைக்கு வருகிறேன். நோய் தெரிந்ததும் நான் முதலில் செய்தது, கடை விற்பனையாளரின் யோசனைப்படி மிகப் பெரிய டிவி ஒன்று வாங்கியது. பார்வைக் குறைவு என்றதும் அவர் யோசிக்கவே இல்லை, பெரிதாகத் தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். கேட்கவும் நியாயமாகத்தான் இருந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை. வீட்டுக்கு வந்து கேமைப் போட்டதும் முன்பைவிட மோசமாக ஆடினேன். என் பார்வை ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதைப் போன்றது. படத்தைப் பெரிதாக்கினால் அந்தக் குழாய்க்குள் அடங்கும் பகுதி இன்னும் குறையும். திரையின் வலது மூலையில் உயிர் எவ்வளவு மீதி என்று காட்டும் கோடு, இடது கீழே வரைபடம், நடுவில் சண்டை. மூன்றுக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். உண்மையில் எனக்குத் தேவைப்பட்டது சின்னத் திரை, அல்லது அதே திரையிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காருவது. எட்டு அடி பின்னால் நாற்காலியைப் போட்டிருந்தால் அந்தப் பணம் கையில் இருந்திருக்கும்.

இதில் கற்றுக்கொண்டதை யாருக்கும் சொல்வேன்: எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் இழப்பு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா பாதிக்கப்பட்டு நடுப்பார்வை போனவர்களுக்குப் பெரிதாக்குவது உண்மையிலேயே உதவும். கூடவே, நேராகப் பார்க்காமல் சற்றே தள்ளிப் பார்த்து, நல்ல நிலையில் உள்ள ஓரப்பகுதியால் படிக்கும் முறையை அவர்கள் பயிற்சி எடுத்துக் கற்றுக்கொள்ளலாம். ஓரம் போனவர்களுக்கு, என்னைப்போல, பெரிதாக்கல் எதிராகத்தான் வேலை செய்யும். கறுப்பு வெள்ளைபோல அடர்த்தியான நிற வேறுபாடும் போதுமான வெளிச்சமும்தான் வேண்டும். பார்வை முழுவதும் மங்கலாகி வெளிச்சத்தில் கண் கூசுபவர்களுக்குப் பளபளப்பு இல்லாத பரப்புதான் முக்கியம். குறைபார்வை மறுவாழ்வுப் பிரிவு என்று பல கண் மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்கே போகும்போது படிக்க ஒரு செய்தித்தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். நீங்கள் ஆடும் சீட்டுக்கட்டை, செஸ் பலகையை, போனை எடுத்துக்கொண்டு போய் மேசையில் வையுங்கள். எந்தத் தூரத்தில், எந்த விளக்கில், எந்தக் கண்ணாடியில் இது தெரிகிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம். நான் இதைச் செய்தது மிகவும் பின்னால். செய்தபோது அந்த நிபுணர் முகம் சுளிக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பலகையின் மேல் விளக்கை வெவ்வேறு கோணத்தில் வைத்துக் காட்டினார். விளக்கு எதிரில் இருந்தால் கூசும், தோளுக்குப் பின்னாலிருந்து பக்கவாட்டாக வந்தால் காய் துலங்கும். பழுப்பும் இளம்பழுப்புமாக இருக்கும் மெருகிட்ட மரப்பலகை அழகுதான், ஆனால் எங்களுக்கு அது எதிரி. மங்கிய வெள்ளையும் அடர்பச்சையுமாக உள்ள சுருட்டி வைக்கக்கூடிய சாதாரணப் பலகை எவ்வளவோ மேல்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது என்னைப் பயமுறுத்தியது. ஒரு கட்டத்தில் திரைக்கு வெளியே, எனக்குப் பார்வை இல்லாத ஓரத்தில், வலை வலையாகக் கட்டங்கள் தெரிய ஆரம்பித்தன. கண்ணை மூடித் திறந்தால் கொஞ்சம் மறையும், மறுபடி வரும். மூளையில் ஏதோ ஆகிவிட்டது, அதிகம் கேம் ஆடியதால் வந்தது என்று நினைத்து வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன். இதற்கு சார்ல்ஸ் போனே சிண்ட்ரோம் என்று பெயர். சார்ல்ஸ் போனே என்ற சுவிஸ் அறிஞர் பார்வை மங்கிய தன் தாத்தாவுக்கு இப்படி உருவங்கள் தெரிந்ததை 1760லேயே எழுதி வைத்திருக்கிறார். கண்ணிலிருந்து தகவல் வராத இடத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்வதால் வருவது. மனநோய் இல்லை, விளையாட்டால் வந்ததும் இல்லை. சிலருக்குக் கட்டங்கள், சிலருக்கு முகங்கள், முழு மனிதர்கள்கூடத் தெரியலாம். புதிதாக எது தெரிந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆனால் என்னைப்போல ஒளித்து வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள்.

பெரிய டிவி தோற்றபோதே என் மனம் பாதி விட்டுப்போயிருந்தது. மீதியைத் தம்பி முடித்துவைத்தான், அன்பால். சண்டை விளையாட்டில் ஒரு நாள் நான் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், அவன் கையில் பட்டன் சத்தமே கேட்கவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறான். "ஏன்டா?" என்று கேட்டதற்கு, "நீ சந்தோஷமா இருக்கட்டும்னுதான் அக்கா" என்றான். அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அன்றைக்குக் கன்ட்ரோலரை வைத்தவள் அப்புறம் தொடவே இல்லை. செஸ் நண்பர்களும் மெல்ல மெல்லக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். வெறுப்பால் இல்லை, என்னைத் தோற்கடிக்க அவர்களுக்குச் சங்கடம். உங்கள் வீட்டில் யாருக்காவது பார்வை குறைந்தால் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஆட்டத்தைச் சமமாக்க வேண்டுமென்றால் வெளிப்படையாகப் பேசி விதியை மாற்றுங்கள், கூடுதல் நேரம் கொடுங்கள், ஒரு காயைக் குறைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் விட்டுக்கொடுத்தால், ஆடுபவருக்குத் தான் ஆடும் ஆட்டத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும்.

அந்த வெற்று வருடங்களில்தான் பார்வையைத் திருப்பிக் கொண்டுவருகிறோம் என்று சொன்ன ஒரு சிகிச்சை மையத்திலும் சேமிப்பின் பெரும்பகுதி போனது. அதை நீட்டி எழுத மனம் வரவில்லை. இந்த நோய்க்குப் பொதுவான குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. அமெரிக்காவில் 2017ல் அங்கீகரிக்கப்பட்ட மரபணு சிகிச்சை ஒன்று இருக்கிறது, அது ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும். யார் முழு உத்தரவாதம் கொடுத்தாலும், முதலில் மரபணுப் பரிசோதனை செய்து, உங்கள் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு மட்டும் பணத்தைத் தொடுங்கள்.

நான் மறுபடி ஆடத் தொடங்கியது ஒரு அண்ணனால். பிறவியிலேயே பார்வையில்லாதவர், போட்டிகளில் செஸ் ஆடுகிறவர். தெரிந்தவர்கள் மூலமாகப் பேசக் கிடைத்தார். முன்பு செஸ் ஆடுவேன், இப்போது முடியவில்லை என்றேன். "ஏம்மா, இ4ல எந்த நிறக் கட்டம்?" என்று கேட்டார். செஸ் பலகையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் சேர்ந்த பெயர் உண்டு. யோசித்து வெள்ளை என்றேன். "அதை இப்ப கண்ணால பாத்தா சொன்னே?" என்றார். அப்புறம் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார்: ஏ என்றால் ஒன்று, பி என்றால் இரண்டு என்று எழுத்தை எண்ணாக்கி, வரிசை எண்ணோடு கூட்டு. இரட்டைப்படை வந்தால் கறுப்பு, ஒற்றைப்படை வந்தால் வெள்ளை. இ4 என்றால் ஐந்தும் நாலும் ஒன்பது, வெள்ளை. இத்தனை வருடம் ஆடியும் இது எனக்குத் தெரியாது. அவர் மேலும் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சர்வதேச பிரெய்ல் செஸ் சங்கம் 1951லேயே தொடங்கிவிட்டது. பார்வையற்றோருக்கான முதல் செஸ் ஒலிம்பியாட் 1961ல் ஜெர்மனியில் மெஷெடெ என்ற ஊரில் நடந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு வெகு முன்பே மனிதர்கள் இதை ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் முடியாது என்று முடிவுகட்டி உட்கார்ந்திருந்தேன்.

அவர் கொடுத்த பலகையை முதன்முதலில் தொட்டது நன்றாக நினைவிருக்கிறது. கறுப்புக் கட்டங்கள் சற்றே மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு துளை. காய்களின் அடியில் முளை, அது துளையில் செருகி நிற்கும், கை பட்டாலும் சாயாது. கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சின்னக் குமிழ், அதை வைத்து எந்தப் பக்கத்துக் காய் என்று விரல் கண்டுபிடிக்கும். எனக்கு இன்னும் நடுப்பார்வை மீதி இருந்ததால் கண் ஓடி ஓடிப் போய்ப் பார்க்கத் துடித்தது. அவர் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஆரம்பத்தில் விரல் நுனியால் அழுத்தித் தேடினேன், காய்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அப்புறம்தான் அவர் என் கையைப் பிடித்துக் காட்டினார்: இரண்டு கையையும் தட்டையாக, மழை தொடுவது போல மெதுவாக, என் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை வரிசை வரிசையாக நகர்த்த வேண்டும். இடது கை ஒரு இடத்தில் நங்கூரமாக நிற்கும், வலது கை தேடும். அப்படிச் செய்தபோது குதிரையின் மூக்கும் பிஷப் தலையில் உள்ள வெட்டும் தனித்தனியாகக் கையில் தட்டுப்பட ஆரம்பித்தன. மூலைவிட்டமாகத் தாக்கும் பிஷப்பை, கண்ணால் பார்த்தபோது தவறவிட்ட அதே காயை, விரல் தவறவிடவில்லை. ஏனென்றால் விரலுக்கு ஓரம் என்று ஒன்று இல்லை, பலகை முழுவதும் அதற்கு ஒன்றுதான்.

விதிகளும் இதற்கென்றே எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பலர் அறிவதில்லை. சர்வதேச செஸ் கூட்டமைப்பின் விதிகளில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதி தனியாக இருக்கிறது. தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற விதி நமக்கும் உண்டு, ஆனால் காய் துளையிலிருந்து எடுக்கப்பட்டால்தான் தொட்டதாகக் கணக்கு. ஆகவே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தடவிப் பார்க்கலாம். பார்வையுள்ளவரோடு ஆடும்போது இரண்டு பலகை வைத்துக்கொள்ளலாம், நகர்த்தலை வாயால் சொல்ல வேண்டும், எதிராளி அதைத் திருப்பிச் சொல்லித் தன் பலகையிலும் வைப்பார். பி, சி, டி, இ என்று சொன்னால் ஒன்றுபோல ஒலிப்பதால் எழுத்துகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்டாவ், ஹெக்டர். வீட்டில் தம்பியோடு ஆடும்போதும் இதையே பயன்படுத்துகிறோம், குழப்பம் அடியோடு நின்றது. உங்கள் நண்பர்களிடம் ஆட்டத்துக்கு முன்பே இந்த முறையைச் சொல்லிவிடுங்கள். கை பலகைமேல் ஊர்வதைப் பார்த்து முதலில் அவர்கள் தடுமாறுவார்கள், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

இணையத்தில் ஆட லீசெஸ் தளத்தைச் சொல்வேன். இலவசம், விளம்பரம் இல்லை, பார்வையற்றோருக்கான தனிப் பயன்முறை இருக்கிறது. நகர்த்தலைத் தட்டச்சு செய்தால் போதும், எதிராளியின் நகர்த்தலை, திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் வாசித்துச் சொல்லும். இங்கே ஒரு விஷயத்தை நின்று சொல்ல வேண்டும். ஸ்க்ரீன் ரீடரை நான் பல காலம் தள்ளிப்போட்டேன். முழுவதும் பார்வை போனவர்களுக்குத்தானே அது, எனக்கு இன்னும் தெரிகிறதே என்று சுற்றியிருந்தவர்களும் சொன்னார்கள். அது எவ்வளவு தவறான அறிவுரை என்பது அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் புரிந்தது. கண் கொஞ்சம் உதவும் காலத்தில் கற்றால், எங்கே தடுமாறினாலும் ஒரு நொடி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். விண்டோஸில் என்விடிஏ இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் போனோடு சேர்ந்தே வருகின்றன, தமிழிலும் பேச வைக்கலாம். பெரிய டிவிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பைசாகூடத் தேவைப்படாத இந்த ஒன்றுதான் எனக்கு விளையாட்டின் பாதியைத் திருப்பிக் கொடுத்தது.

சீட்டு ஆடுபவர்கள் பிரெய்ல் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். பிரெய்ல் சீட்டில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு எழுத்துதான் இருக்கும், ஒன்று எண்ணுக்கு, இன்னொன்று ஸ்பேடா ஹார்ட்டா என்பதற்கு. ஒரு புத்தகம் படிக்க வேண்டியதில்லை, சுமார் பதினைந்து புள்ளிக் கோலங்களை விரல் அடையாளம் கண்டால் ஆட்டத்தில் உட்காரலாம். காகிதச் சீட்டில் கலைக்கக் கலைக்கப் புள்ளி அமுங்கிவிடும், பிளாஸ்டிக் சீட்டு வாங்குங்கள். போடும் சீட்டை எல்லோரும் பெயர் சொல்லிப் போட வேண்டும் என்பதை மட்டும் விதியாக வையுங்கள். யூனோவுக்கும் 2019ல் பிரெய்ல் பதிப்பு வந்தது. மற்ற பலகை விளையாட்டுகளுக்குத் தனியாக வாங்கக்கூட வேண்டாம். ஒட்டும் ரப்பர்ப் பொட்டு, கெட்டியான நூல், துணிப் பெயின்ட், இவற்றால் கட்டத்தின் எல்லையை மேடாக்கிவிடலாம். அடியில் வழுக்காத விரிப்பு, பகடை உருட்ட விளிம்புள்ள தட்டு. பகடையைத் தேடி மேசைக்கடியில் தவழும் அவமானம் எனக்கு அந்தத் தட்டோடு போனது.

வீடியோ கேமில்தான் மறுபடியும் பணம் போனது. ஸ்க்ரீன் ரீடர் வந்துவிட்டது, இனி போனில் எல்லாம் ஆடலாம் என்று ஆசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கேம்களை வாங்கினேன். பெரும்பாலானவற்றில் டாக்பேக் வாயே திறக்கவில்லை. காரணம் பின்னால் தெரிந்தது. சாதாரணச் செயலிகளில் ஒவ்வொரு பொத்தானும் இது பொத்தான் என்று போனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். கேம்களில் முழுத் திரையும் ஒரே படமாக வரையப்படுகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்க்ரீன் ரீடருக்குத் தெரிய வழியே இல்லை, உருவாக்கியவர்கள் தனியாகச் செய்து கொடுத்தால் ஒழிய. அணுகல்தன்மை உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்த ஒரு கேமில் முதல் மெனு மட்டும் பேசியது, ஆட்டம் தொடங்கியதும் மௌனம். எனவே கேம் வாங்கும் முன் அந்தப் பெயரோடு பார்வையற்ற ஆட்டக்காரர் ஆடும் வீடியோ இருக்கிறதா என்று தேடுங்கள். விளம்பர வரியை நம்புவதைவிட அது மேல். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தில் மெனுவைத் தாண்டி ஆட்டத்துக்குள் நேராகப் போய்ப் பாருங்கள்.

நன்றாக இருப்பவை நன்றாகவே இருக்கின்றன. 2020ல் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2ல் அறுபதுக்கும் மேற்பட்ட அணுகல்தன்மை அமைப்புகள். பின்னணியைச் சாம்பலாக்கி எதிரிகளை ஒரு நிறத்திலும் நம்மவர்களை இன்னொரு நிறத்திலும் காட்டும், மெனுவை வாசிக்கும், ஸ்டிக்கை அழுத்தினால் போக வேண்டிய பக்கம் திருப்பிவிடும். பார்வை அறவே இல்லாதவர்கள் அதை முடித்திருக்கிறார்கள். 2023ல் வந்த ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்டில் வளைவு வருவதையும் வேகம் குறைக்க வேண்டியதையும் ஒலியால் சொல்கிறார்கள். அதே வருடத்து ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6ல் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், அடி மேலே விழுந்ததா கீழே விழுந்ததா என்பதற்குத் தனித்தனி ஒலி. படமே இல்லாமல் ஒலிக்காகவே உருவான கேம்களும் இருக்கின்றன. 2015ல் வந்த எ பிளைண்ட் லெஜண்ட், 2021ல் வந்த தி வேல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு யாரும் ஆடலாம். ஸ்டார்ட்யூ வேலி போன்றவற்றுக்கு ரசிகர்களே இலவசமாக அணுகலுக்கான கூடுதல் நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஹெட்போன் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனமும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். சாதாரண ஸ்டீரியோ, வயர் உள்ளது, போதும். புளூடூத்தில் ஒலி ஒரு கணம் தாமதமாக வரும், சண்டையில் அந்தக் கணத்தில் அடி விழுந்துவிடும். எதிரி முன்னால் இருக்கிறானா பின்னால் இருக்கிறானா என்று ஹெட்போனில் பிரித்தறிவது எல்லோருக்குமே கடினம், நம் காதில் கோளாறு இல்லை. பாத்திரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்கள். ஒலி வலது காதுக்கு நகர்ந்தால் எதிரி முன்னால், இடது காதுக்கு நகர்ந்தால் பின்னால். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டபின் என் ஆட்டமே மாறியது. எக்ஸ்பாக்ஸில் இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே ஆட்டக்காரராகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. புதிய கேமை ஆரம்பிக்கும்போது தம்பி வழி கண்டுபிடிப்பான், சண்டை என்னுடையது. இப்போது ஸ்ட்ரீட் ஃபைட்டரில் அவன் பட்டன் சத்தம் நன்றாகக் கேட்கிறது. பெரும்பாலும் அவன்தான் ஜெயிக்கிறான். நான் ஜெயித்தால் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான், அதில் எனக்கிருக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

எல்லாம் திரும்பி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். படத்துண்டுகளைச் சேர்க்கும் புதிர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவற்றில் இன்பமே அந்தப் படத்தில்தான் இருந்தது, தடவிச் சேர்ப்பதில் அந்த இன்பம் கிடைக்கவில்லை. ஓர் இரவு நன்றாக அழுதுவிட்டு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆனால் எது போயிற்று, எது போகவில்லை என்பதை ஆடிப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் செய்ததுபோல மொத்தமாக மூட்டை கட்டிவிட வேண்டாம். போட்டியில் ஆட ஆசை இருந்தால் இதையும் கவனியுங்கள்: பார்வையற்றோர் விளையாட்டுகளில் பி1, பி2, பி3 என்று வகை பிரிக்கும்போது எழுத்துகளைப் படிக்கும் கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. பார்வைப் புலம் 20 டிகிரிக்குள் இருந்தாலும் தகுதி உண்டு. எழுத்தெல்லாம் படிக்கிறாயே, உனக்கு அங்கே இடமில்லை என்று சொன்னவர்களை நம்பி நானும் நெடுநாள் விண்ணப்பிக்காமல் இருந்தேன். பார்வைப் புலப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுபோய்க் காட்டி, என் வகைக்கான சான்றிதழை அண்மையில்தான் வாங்கினேன். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்தாயிற்று. நகர்த்தல்களைக் குரலில் பதிவுசெய்ய ஒரு சின்ன ரெக்கார்டர் வேண்டும், அதை மட்டும் இன்னும் வாங்கவில்லை.